மருந்துக்கு மசியாப் புழு

உரைநடைப் பகுதி

நுழையும்முன்

நாம் உடுத்தும் பருத்தி ஆடை நெடுந்தொலைவு பயணம் செய்து நம்மிடம் வந்து சேர்கிறது. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் விளையும் பஞ்சு, கோயம்புத்தூர் வட்டார நூற்பாலைகளில் நூலாகித் திருப்பூரில் ஆடையாகிறது. நீங்கள் இப்போது வாழும் மாநிலத்தின் வயலும் உங்கள் உறவினர் வாழும் தமிழ்நாட்டின் ஆலையும் ஒரே பஞ்சால் இணைந்திருக்கின்றன. அப்பஞ்சு விளையும் வயலில் உழவருக்கும் ஒரு சிறு புழுவுக்கும் பல்லாண்டுகளாகப் போராட்டம் நடந்து வருகிறது. அதில் வலிமை மிக்க மருந்துகள் ஏன் தோற்றன என்பதை அறிவோம்.

பருத்தியும் காய்ப்புழுவும்

பருத்திச் செடி முதலில் சப்பை விடும். சப்பை என்பது பருத்தியின் இளமொட்டுக்கு உழவர் வழங்கும் பெயர். சப்பை பூவாகும், பூ காயாகும், காய் முற்றி வெடித்தால் பஞ்சு கிடைக்கும். இவற்றைத் துளைத்துத் தின்னும் புழுக்களே காய்ப்புழுக்கள். இவை அந்துப்பூச்சிகளின் இளம்பருவம் ஆகும். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்னும் நான்கு பருவங்களும் ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்திற்குள் நிறைவடைகின்றன. ஆகவே ஒரே பயிர்ப்பருவத்தில் பல தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன.

காய்ப்புழுக்களுள் இரண்டு, உழவருக்குப் பெருந்தொல்லை தருவன. முதலாவது அமெரிக்கக் காய்ப்புழு. இதன் தாய்ப்பூச்சி தளிர்களிலும் சப்பைகளிலும் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். தன் வாழ்நாளில் பல நூறு முட்டைகளை இட வல்லது. புழு தன் தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலின் பின்பகுதியை வெளியே வைத்துக்கொண்டு தின்னும். பருத்தியோடு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, மக்காச்சோளம், சூரியகாந்தி ஆகியவற்றையும் இது விட்டுவைப்பதில்லை.

இரண்டாவது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இது பெரும்பாலும் பருத்தியையே நம்பி வாழ்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த சிறு புழு காயைத் துளைத்து உட்புகும். புகுந்த துளை விரைவில் மூடிக்கொள்ளும். வெளியே நின்று பார்ப்பவருக்குக் காய் நலமாகவே தோன்றும். உள்ளே விதை தின்னப்பட்டிருக்கும், பஞ்சு கறைபட்டிருக்கும். அறுவடையின்போதுதான் இழப்பின் அளவு உழவருக்குத் தெரியவரும்.

தெரிந்து தெளிவோம்

பெயரில் அமெரிக்கா இருந்தாலும் அமெரிக்கக் காய்ப்புழு ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் நெடுங்காலமாக வாழ்ந்து வருவது. அமெரிக்கக் கண்டங்களுள் இது பரவியிருப்பது 2013 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் உறுதிசெய்யப்பட்டது.

மருந்து என்னும் சொல்

தமிழ்நாட்டு உழவர் பூச்சிக்கொல்லி தெளிப்பதை ‘மருந்து அடித்தல்’ என்பர். ஆந்திர உழவர் ‘மந்து’ என்பர். இந்தியிலும் குஜராத்தியிலும் ‘தவா’ என்றும், மராத்தியில் ‘ஔஷத்’ என்றும் கூறுவர். நோய் தீர்க்கும் பொருளைக் குறிக்கும் சொல்லையே இத்தனை மொழியினரும் பூச்சிக்கொல்லிக்கும் வழங்குகின்றனர்.

இவ்வழக்கு ஓர் எண்ணத்தையும் உடன் அழைத்து வருகிறது. நோய் தீராவிட்டால் மருந்தின் அளவைக் கூட்டலாம் அல்லவா? புழு சாகாவிட்டாலும் அப்படியே செய்யலாம் என்று தோன்றும். ஆனால் தெளிக்கப்படுவது நஞ்சு. அது தீய பூச்சியையும், அப்பூச்சியைத் தின்று உழவருக்கு உதவும் சிலந்தி, பொறிவண்டு, குளவி முதலியவற்றையும் ஒருங்கே கொல்லும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது பழமொழி. இங்கே நஞ்சே அளவுக்கு மிஞ்சியபோது நேர்ந்தது என்ன?

குண்டூர் வயல்களில்

ஒருவகைச் சாமந்திப் பூவில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பார்த்து அறிவியலாளர் உருவாக்கியவை செயற்கைப் பைரித்ராய்டுகள். இவை 1980களின் தொடக்கத்தில் இந்தியப் பருத்தி வயல்களுக்கு வந்தன. சிறிதளவு தெளித்தாலே காய்ப்புழுக்கள் மடிந்தன. உழவர் மகிழ்ந்தனர். கடற்கரை ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தி விரைந்து பரவியது. ஊர் முழுவதும் ஒரே பயிர். ஊர் முழுவதும் ஒரே வகை மருந்து.

1987 ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கக் காய்ப்புழு பெருகியது. உழவர் தெளித்தனர், புழு சாகவில்லை. மீண்டும் மீண்டும் தெளித்தனர். ஒரே பருவத்தில் இருபது முறைக்கு மேல் தெளித்த வயல்களும் இருந்தன. மருந்து வாங்கக் கடன் வாங்கினர், விளைச்சலோ பொய்த்தது. கடன் சுமை தாங்காமல் உயிரை இழந்த உழவரும் உண்டு. கலப்பட மருந்து விற்றுவிட்டனர் என்று பலர் ஐயுற்றனர். அப்புழுக்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்த அறிஞர்கள், அவை பைரித்ராய்டைத் தாங்கி வாழும் திறன் பெற்றிருந்ததைக் கண்டறிந்தனர். இத்திறனே பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன் எனப்படும்.

புழு கற்றுக்கொண்டதா?

‘மருந்துக்குப் புழு பழகிவிட்டது’ என்று மக்கள் பேசிக்கொள்வர். பழகுவதற்கு அப்புழு உயிரோடு இருக்க வேண்டுமே! ஒரு தனிப்புழு தன் வாழ்நாளில் எதிர்ப்புத்திறனைக் கற்றுக்கொள்வதில்லை. நடப்பதை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் அறியலாம்.

ஒரு வயலில் 1000 புழுக்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் 10 புழுக்கள் மட்டும் நஞ்சைத் தாங்கும் இயல்போடு பிறந்தவை. அதாவது நூற்றில் ஒன்று. மருந்து தெளித்ததும் மற்ற 990 புழுக்களுள் 900 இறக்கின்றன; 90 புழுக்கள் இலைமறைவில் தப்புகின்றன. தப்பியவை மொத்தம் 100. அவற்றுள் தாங்கும் இயல்புடையவை அதே 10. இப்போது அவற்றின் பங்கு பத்தில் ஒன்று.

தப்பியவை இனம்பெருக்கி மீண்டும் 1000 ஆகின்றன. பெற்றோரின் இயல்பு பிள்ளைகளுக்கு வருவதால், அவற்றுள் 100 புழுக்கள் நஞ்சைத் தாங்கும் என்று கொள்ளலாம். அதே மருந்தை மீண்டும் தெளித்தால் மற்ற 900 புழுக்களுள் 800 இறந்து 100 தப்புகின்றன. வயலில் எஞ்சிய 200 புழுக்களுள் சரிபாதி, நஞ்சைத் தாங்குபவை. நூற்றில் ஒன்று, பத்தில் ஒன்று, இரண்டில் ஒன்று! இரண்டே தலைமுறைகளில் வயலின் நிலை மாறிவிட்டது.

மருந்து ஒரு சல்லடையைப் போல் வேலை செய்தது. மெலிந்தவற்றை நீக்கி வலியவற்றை விதைக்கு வைத்தது. நல்ல கதிரைத் தேர்ந்து அடுத்த பருவத்திற்கு விதையாக எடுத்துவைப்பது உழவர் மரபு. அதே வேலையைத் தம்மை அறியாமலே அவர்கள் புழுவுக்கும் செய்துவிட்டனர்.

புழுவின் தற்காப்பு

நஞ்சைத் தாங்கும் புழுவின் உடலில் என்ன வேறுபாடு உள்ளது? அறிஞர்கள் பல வழிகளைக் கண்டுள்ளனர். சில புழுக்களின் உடலில் நஞ்சை உடைத்துத் தீங்கற்றதாக்கும் நொதிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. சிலவற்றின் புறத்தோல் வழியே நஞ்சு மிக மெதுவாகவே நுழைகிறது. வேறு சிலவற்றில் நஞ்சு சென்று பற்றும் இடமே மாறியிருக்கிறது.

மூன்றாவது வழியைச் சற்று விரிவாகக் காண்போம். நரம்புகளில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறந்து மூடுவதால் நரம்பில் செய்தி ஓடுகிறது. பைரித்ராய்டு அவ்வாயிலைப் பற்றி மூடவிடாமல் தடுக்கும். புழு துடிதுடித்து இறக்கும். வாயிலின் அமைப்பு சிறிது மாறிப் பிறந்த புழுவில் நஞ்சுக்குப் பிடி கிடைப்பதில்லை. பூட்டு மாறிய பின் பழைய திறவுகோலை எத்தனை முறை திருகினாலும் பயன் என்ன?

கடையில் வேறு பெயருள்ள மருந்தை வாங்குவதும் பல வேளைகளில் உதவாது. புட்டியின் பெயர் வேறாக இருப்பினும், உள்ளிருக்கும் நஞ்சு அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஒரு குடும்ப நஞ்சைத் தாங்கும் புழு, அக்குடும்பத்தின் பிற நஞ்சுகளையும் தாங்கக்கூடும்.

செடிக்குள் வைத்த நஞ்சு

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியம் புழுக்களைக் கொல்லும் புரதத்தை உண்டாக்குகிறது. அதற்குரிய மரபணுவைப் பருத்தியில் சேர்த்து உருவாக்கப்பட்டதே பி.டி. பருத்தி. இந்தியாவில் 2002 ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் தரப்பட்டது. செடியைத் தின்ற காய்ப்புழுவின் குடலில் அப்புரதம் பற்றிக் குடலைச் சிதைத்தது. அமெரிக்கக் காய்ப்புழு பெரிதும் அடங்கியது. காய்ப்புழுவுக்காக மருந்து தெளிப்பதும் குறைந்தது.

எனினும் சல்லடை விலகவில்லை. தெளிப்பானிலிருந்து செடிக்குள் இடம் மாறியிருந்தது, அவ்வளவே. பருவம் முழுவதும், செடி முழுவதும், நாடு முழுவதும் அதே புரதம். பருத்தியையே நம்பி வாழும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு வேறு புகலிடம் இல்லை. குஜராத்தில் அப்புழு முதல்வகைப் பி.டி. பருத்தியைத் தாங்கி வாழ்வது 2010 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டு புரதங்கள் கொண்ட பருத்தி 2006 ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. சில ஆண்டுகளில் அதையும் இளஞ்சிவப்புப் புழு வென்றது. 2017 ஆம் ஆண்டில் மகாராஷ்டிரப் பருத்தியை அது பெரிதும் அழித்தது.

அதே ஆண்டு யவத்மாள் மாவட்டத்தில் வேறொரு துயரமும் நேர்ந்தது. ஆளுயரம் வளர்ந்த பருத்திச் செடிகளுக்கிடையே, தகுந்த முகமூடியும் கையுறையும் இன்றிப் பல நஞ்சுகளைக் கலந்து தெளித்த உழவரும் கூலித் தொழிலாளரும் நோயுற்றனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புழுவுக்காகக் கரைத்த நஞ்சு மனிதரையும் பற்றியது.

புகலிட வரிசைகள்

இத்தோல்வியைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. பி.டி. பருத்தியைச் சுற்றிலும் ஐந்து வரிசைகளோ, பரப்பில் 20 விழுக்காடோ, இரண்டில் எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தியை விதைக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே விதியாக இருந்தது. அதற்காக 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனிப்பையில் தரப்பட்டது. இவ்வரிசைகளுக்குப் புகலிடம் என்று பெயர்.

புழுவுக்கு ஏன் புகலிடம் தர வேண்டும்? புகலிடத்தில் வளரும் புழுக்கள் நஞ்சைத் தாங்கும் இயல்பற்றவை. பி.டி. செடியில் தப்பிய ஒன்றிரண்டு வலிய பூச்சிகள், புகலிடத்திலிருந்து வரும் எண்ணற்ற மெலிந்த பூச்சிகளோடு இணையும். எதிர்ப்பியல்பு தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் வந்தால்தான் புழு நஞ்சை நன்கு தாங்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பிள்ளைகளுள் பெரும்பாலானவை பி.டி. செடியைத் தின்றதும் இறந்துவிடும். வலிய இனம் பெருகுவது தள்ளிப்போகும்.

நம் நாட்டில் பலர் அச்சிறுபையை விதைக்கவில்லை. இரண்டு ஏக்கர் நிலம் உடையவர், புழு தின்னட்டும் என்று ஒரு பகுதியை விட்டுவைக்க எப்படி மனம் கொள்வார்? இழப்பு அவருக்கு, நன்மையோ ஊருக்கு. மருந்துக்குச் சாகும் இயல்புடைய புழு, ஊர்க்குளத்து நீரைப் போன்ற பொதுச்செல்வம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை இறைத்துக்கொண்டே இருந்தால் குளம் வற்றும். பின் இறைப்பதற்கு எவருக்கும் எதுவும் இராது. குளத்தைத் தூர்வாரிக் காக்க ஊர் கூடியதுபோல், இதைக் காக்கவும் ஊர் கூட வேண்டும்.

கூடினால் வெல்ல முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநில உழவர் 1996 முதல் பி.டி. பருத்தியோடு புகலிடத்தையும் பயிரிட்டனர். 2006 முதல் மலடாக்கப்பட்ட இளஞ்சிவப்பு அந்துப்பூச்சிகள் விமானங்களிலிருந்து பெருமளவில் வயல்களில் விடப்பட்டன. அந்நாட்டின் பருத்தி விளையும் பகுதிகளிலிருந்து அப்புழு ஒழிந்துவிட்டது என அரசு 2018 ஆம் ஆண்டில் அறிவித்தது.

மருந்தைக் காக்கும் வழிகள்

நாகபுரியில் தலைமையிடமும் கோயம்புத்தூரில் மண்டல நிலையமும் கொண்டது மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம். அதுவும் வேளாண் பல்கலைக்கழகங்களும் உழவருக்குக் கூறும் வழிகளுள் சில வருமாறு:

1. குறுகிய காலத்தில் விளையும் பருத்தியை விதைத்துப் பருவத்தை உரிய காலத்தில் முடித்தல். அறுவடைக்குப் பின் செடிகளை வயலில் நிறுத்தி வைக்காமை. உணவின்றிப் போனால் இளஞ்சிவப்புப் புழுவின் தொடர் அறும்.

2. இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை எண்ணுதல். தொடர்ந்து மூன்று இரவுகள் பொறிக்கு 8 பூச்சிகள் வீதம் விழுந்தால் நடவடிக்கை எடுத்தல். பசுங்காய்களைப் பறித்துப் பிளந்து, உள்ளே புழு உள்ளதா எனப் பார்த்தல்.

3. டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவியை வயலில் விடுதல். இது அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு தோன்றுமுன்னரே அழித்துவிடும்.

4. ஊடுபயிரும் வரப்புப்பயிரும் வளர்த்து நன்மை செய்யும் பூச்சிகளைப் பேணுதல். பருவத் தொடக்கத்தில் வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்துதல்.

5. பூச்சிக்கொல்லி தேவைப்படின் அளவறிந்து, உரிய காப்புடைகள் அணிந்து தெளித்தல். அடுத்த முறை வேறு குடும்பத்தைச் சேர்ந்ததைத் தேர்தல். பலவற்றைக் கலந்து தெளிக்காமை.

இவற்றுள் முதல் நான்கும் மருந்தின் தேவையைக் குறைக்கின்றன. ஐந்தாவது, மருந்தின் ஆற்றலைக் காக்கிறது. குறைவாகப் பயன்படும் மருந்தே நெடுநாள் பயன்படும்.

சொல்லும் பொருளும்

மசிதல் – இணங்குதல், அடங்குதல்
சப்பை – பருத்தியின் இளமொட்டு
நொதி – உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்
சல்லடை – சலிக்கும் கருவி
புகலிடம் – அடைக்கலம் பெறும் இடம்
பொய்த்தல் – தவறுதல், இல்லாமற் போதல்
ஊடுபயிர் – முதன்மைப் பயிருக்கு இடையே வளர்க்கும் பயிர்

இலக்கணக் குறிப்பு

மசியாப் புழு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மீண்டும் மீண்டும் – அடுக்குத்தொடர்

தப்பியவை – வினையாலணையும் பெயர்
இளமொட்டு – பண்புத்தொகை

கற்பவை கற்றபின்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. சப்பை என்பது பருத்தியின் _______.
(அ) விதை (ஆ) இளமொட்டு (இ) வேர் (ஈ) பஞ்சு

2. பெரும்பாலும் பருத்தியையே நம்பி வாழ்வது _______.
(அ) பொறிவண்டு (ஆ) அமெரிக்கக் காய்ப்புழு (இ) இளஞ்சிவப்புக் காய்ப்புழு (ஈ) நுண்குளவி

3. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு ஒப்புதல் தரப்பட்ட ஆண்டு _______.
(அ) 1987 (ஆ) 2002 (இ) 2010 (ஈ) 2018

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் தாக்குதல் வெளியே தெரியாமைக்குக் காரணம் யாது?
2. 1987 ஆம் ஆண்டில் மருந்து பலிக்காமைக்கு உழவர் கருதிய காரணம் யாது? உண்மைக் காரணம் யாது?
3. டிரைக்கோகிரம்மா உழவருக்கு எவ்வாறு உதவுகிறது?

இ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. ‘மருந்து ஒரு சல்லடையைப் போல் வேலை செய்தது’ – விளக்குக.
2. மருந்துக்குச் சாகும் புழுவைப் பாடம் ஏன் பொதுச்செல்வம் என்கிறது?
3. சிறு நிலமுடைய உழவர் ஒருவர் புகலிட வரிசை விதைக்க மறுக்கிறார். அவருடைய இழப்பையும் மனத்திற்கொண்டு, அவரோடு நீங்கள் எவ்வாறு உரையாடுவீர்கள்?

ஈ. மொழியை ஆள்வோம்.

1. ‘மருந்து வலிய புழுவைத் தேர்ந்தெடுத்தது’ – செய்வினை.
‘வலிய புழு மருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது’ – செயப்பாட்டுவினை.
இவ்வாறே பின்வருவனவற்றைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக.
(அ) உழவர் நஞ்சைத் தெளித்தனர்.
(ஆ) அறிஞர்கள் புழுக்களைச் சோதித்தனர்.
(இ) நொதி நஞ்சை உடைத்தது.

2. ‘பூச்சிக்கொல்லி’ என்பதுபோல் ‘கொல்லி’ என முடியும் சொற்கள் மூன்று எழுதுக.
(சான்று: களைக்கொல்லி)

3. ‘புழு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்னும் தொடரில் உள்ள பிழையான கருத்தை நீக்கி, அறிவியலுக்குப் பொருந்துமாறு திருத்தி எழுதுக.

உ. மொழிகளின் சந்திப்பு

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை மராத்தியர் ‘குலாபி போண்ட் அளி’ என்பர். இந்தியில் ‘குலாபி சுண்டி’. குஜராத்தியில் ‘குலாபி இயள்’. மூன்று மொழியினரும் நிறத்தைக் கொண்டே பெயரிட்டிருப்பதைக் காண்க. உங்கள் அண்டை வீட்டாரிடமோ வகுப்புத் தோழரிடமோ கேட்டுப் பருத்தி, பஞ்சு, காய், புழு, மருந்து ஆகிய ஐந்து சொற்களுக்கும் அவர்தம் மொழியில் வழங்கும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அட்டவணை அமைக்க. தமிழோடு ஒலியால் ஒத்த சொற்களை அடிக்கோடிடுக.

ஊ. மேலும் அறிவோம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. வீட்டுப் பெரியோர் துணையுடன் அதைப் படித்து, அது கூறும் மருந்துக்கும் வயலில் தெளிக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதி வகுப்பில் படிக்க.